தாளே பதில் சொல்லட்டும்

நான் ஆசிரியையாகச் சேர்ந்த முதல் பருவத்தின் முடிவில், வகுப்பறைப் பின்சுவரில் 32 வண்ணச் சக்கரங்கள் வரிசையாகத் தொங்கின. ஒவ்வொன்றிலும் 12 நிறத் துண்டுகள், எதிர் நிறங்கள் நேர் எதிரே. காம்பஸ் வைத்து வரைந்து, கோடு தாண்டாமல், போஸ்டர் கலரை இரண்டு கோட் அடித்துச் செய்தவை. பார்க்க அவ்வளவு அழகு. வந்தவர் போனவரெல்லாம் பாராட்டினார்கள். எனக்கும் பெருமைதான். அடுத்த வாரம் அதே மாணவர்களை ஒரு நிகழ்ச்சிக்குச் சுவரொட்டி செய்யச் சொன்னேன். நல்ல சிவப்புப் பின்னணியில் நல்ல பச்சை எழுத்து. எழுத்து தாளில் உட்காராமல் அதிர்ந்தது, கண் கூசியது. ஒன்றிரண்டு அல்ல, ஒன்பது சுவரொட்டிகள் அப்படி வந்தன. "சிவப்பும் பச்சையும் எதிர் நிறம், ஒண்ணை ஒண்ணு தூக்கிக் காட்டும்னு நீங்கதானே மேம் சொன்னீங்க" என்றாள் ஒருத்தி.

சொன்னேன்தான். இரண்டு நிறமும் ஏறக்குறைய ஒரே அளவு இருட்டாக இருந்தால் எழுத்தின் விளிம்பு கண்ணில் நிலைக்காது, வாசிக்க முடியாது என்பதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நோட்டில் எழுதிக்கொண்டிருப்பார்கள், சுவரொட்டி செய்யும்போது ஞாபகம் வந்திருக்காது. சக்கரம் செய்தபோது அவர்கள் நிறத்தோடு மல்லுக்கட்டவே இல்லை. கோடு தாண்டாமல் பூசப் பழகினார்கள். அதை நன்றாகவே பழகியிருந்தார்கள்.

அதற்குப் பிறகு 14 வருடங்களாக முதலாண்டு மாணவர்களுக்குக் கலை, வடிவமைப்பின் அடிப்படைகளைச் சொல்லித் தருகிறேன். புள்ளி, கோடு, உருவம், டோன் (ஒரு நிறம் எவ்வளவு இருட்டு, எவ்வளவு வெளிச்சம் என்பது), நிறம், வெற்றிடம் என்ற பட்டியல் அப்படியேதான் இருக்கிறது. அதற்கான ப்ராஜெக்ட்டுகள்தான் மாறிக்கொண்டே வந்தன. எதை வைத்துக்கொள்வது, எதைத் தூக்கிப் போடுவது என்று முடிவெடுக்க இப்போது ஒரே ஒரு கேள்வி கேட்டுக்கொள்கிறேன். வேலை தேறியதா இல்லையா என்று மாணவர் என்னிடம் வராமலே தெரிந்துகொள்ள முடியுமா? முடிந்தால் வைத்துக்கொள்கிறேன். "மேம், இது ஓகேவா?" என்று வரிசையில் நிற்க வைக்கிற ப்ராஜெக்ட்டாக இருந்தால் அவர்கள் என் ரசனையைத்தான் படித்துக்கொண்டு போகிறார்கள். என் ரசனை ஒன்றும் அவ்வளவு பெரிய விஷயம் இல்லை.

இந்தக் கேள்வி நானாகக் கண்டுபிடித்தது என்று சொல்ல ஆசைதான். ஆனால் விதை வேறு இடத்திலிருந்து வந்தது. 1919-இல் ஜெர்மனியின் வைமார் நகரில் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில், எந்தத் துறைக்குப் போகிற மாணவராக இருந்தாலும் முதலில் ஓர் ஆரம்ப வகுப்பில் உட்கார வேண்டும். யோஹன்னஸ் இட்டன் தொடங்கி நடத்திய அந்த வகுப்பில், அவர் 1923-இல் விலகிய பிறகு ஜோசஃப் ஆல்பர்ஸ் பாடம் எடுக்க வந்தார். ஒருநாள் ஆல்பர்ஸ் ஒரு கட்டுச் செய்தித்தாளோடு வகுப்புக்கு வந்து ஆளுக்குக் கொஞ்சம் கொடுத்து, இந்தத் தாளை மதித்து இதிலிருந்து ஏதாவது செய்யுங்கள், கத்தரி, பசை இல்லாமல் செய்தால் இன்னும் நல்லது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். பிறகு வந்து பார்த்தால் கோட்டை, விமானம், மிருகம், முகமூடி என்று விதவிதமாக இருந்தன. அவர் அதையெல்லாம் விட்டுவிட்டு, ஒரு மாணவர் தாளை நீளவாக்கில் வெறுமனே மடித்து நிறுத்தி வைத்திருந்ததைக் காட்டினார். கோட்டையைக் கல்லில் கட்டலாம், விமானத்தைத் தகரத்தில் செய்யலாம். மடித்தால் தானே எழுந்து நிற்பது தாளால் மட்டும்தான் முடியும் என்பது அவர் கணக்கு. அவருடைய மாணவர் ஒருவர் பின்னாளில் சொன்ன நினைவு இது.

படித்ததும் எனக்குப் புல்லரித்தது. மறுநாளே வகுப்பில் போய் "இந்தத் தாளிலிருந்து எதை வேண்டுமானாலும் செய்யுங்கள்" என்றேன். எட்டுப் பூ, ஆறு பறவை, நாலு படகு, எண்ண முடியாத அளவு விமானம். ஆல்பர்ஸுக்குக் கிடைத்ததே எனக்கும் கிடைத்தது, மடித்து நிறுத்தியவர் மட்டும் இல்லை. அவர் சுட்டிக்காட்டி முடித்துவிட்டார். எனக்குச் சுட்டிக்காட்ட எதுவும் இல்லை. இருந்திருந்தாலும் அது ஆசிரியர் சொல்லித் தெரிந்ததாகத்தான் இருந்திருக்கும்.

அடுத்த வருடம் அதையே மாற்றினேன். ஆளுக்கு ஒரு சாதாரண ஏ4 தாள், 80 ஜிஎஸ்எம், அதாவது சதுர மீட்டருக்கு 80 கிராம். வெட்டக் கூடாது, ஒட்டக் கூடாது, கிழிக்கக் கூடாது. ஒரு புத்தகத்தை மேசையிலிருந்து குறைந்தது 10 சென்டிமீட்டர் உயரத்தில் தாங்க வேண்டும். ஒரு நிமிடம் நின்றால் போதும். அந்தத் தாளின் எடை சரியாக 5 கிராம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன், ஒரு சுவாரஸ்யத்துக்கு. (ஏ0 தாள் ஒரு சதுர மீட்டர், ஏ4 அதில் பதினாறில் ஒரு பங்கு, 80-ஐ 16-ஆல் வகுத்தால் 5.) யாரும் நம்ப மாட்டார்கள். தராசு கொண்டுவந்த பையன் ஒருவனும் உண்டு.

அந்த வகுப்பில் நடந்ததை நான் இன்னும் மறக்கவில்லை. முதல் 20 நிமிடம் சிரிப்பும் கூச்சலும். சுருட்டிய குழாய்கள் பிரிந்து பிரிந்து விழுந்தன. புத்தகங்கள் தொப் தொப்பென்று மேசையில் விழும் சத்தம். பிறகு மெதுவாக அமைதி வந்தது. பலர் தாளை நீளவாக்கில் பாதியாக மடித்து, அதை விசிறி மடிப்பாக மடித்து நிறுத்தப் பார்த்தார்கள். உயரம் 10.5 சென்டிமீட்டர், கணக்கு சரி. ஆனால் மடிப்பு சொரசொரப்பாக வந்தது, எடை ஏறினால் வளைந்தது. மூலையில் ஒரு மாணவன் இருந்தான். சேர்ந்த நாளிலேயே "எனக்கு வரைய வராது மேம், வேற கோர்ஸ் கிடைக்கலன்னு வந்தேன்" என்று சொன்னவன். அவன் தாளைக் குறுக்கே பாதியாக மடித்தான். உயரம் 14.8 சென்டிமீட்டர் ஆனது. மேலிருந்து கீழாக விசிறி மடிப்பு வைத்து, வட்டமாக வளைத்து நிறுத்தினான். ஒரு புத்தகம் நின்றது. இரண்டாவது நின்றது. நாலாவது வரை போனான்.

"ஏம்ப்பா, நீ மட்டும் ஏன் இந்தப் பக்கம் மடிச்சே?" என்று கேட்டேன். "அந்தப் பக்கம் மடிச்சா அடம் பிடிக்குது மேம், இந்தப் பக்கம் சொன்ன பேச்சைக் கேட்குது" என்றான்.

தாளின் இழை ஓட்டத்தைப் பற்றி அவனுக்குத் தெரியாது. ஆலையில் தாள் உருவாகும்போது நார்களில் பெரும்பகுதி இயந்திரம் ஓடும் திசையில் படுத்துவிடும். கடையில் கிடைக்கும் ஏ4 தாளில் அது பெரும்பாலும் நீளப் பக்கமாக ஓடும். அந்தத் திசையில் மடித்தால் மடிப்பு கூர்மையாக விழும், குறுக்கே மடித்தால் நார் உடைந்து பிசிறும். நிற்கும்போதும் நார் செங்குத்தாக இருந்தால் விறைப்பு கூடும். இதை அவன் கை கண்டுபிடித்த பிறகுதான் நான் கரும்பலகைக்குப் போனேன். "இதுக்குப் பேரு இழை ஓட்டம்" என்று எழுதியபோது, 30 பேரும் கிழிக்கக் கூடாது என்ற விதியை மறந்து தாளை இரண்டு பக்கமும் கிழித்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் நேராகக் கிழிந்தது, இன்னொரு பக்கம் கோணல்மாணலாகப் போனது. நான் எதையும் நிரூபிக்க வேண்டியிருக்கவில்லை.

அன்றிலிருந்து என் வகுப்பில் பொருள் முதலில், பெயர் அப்புறம். முன்பெல்லாம் சமநிலை, தாளம், மையம் என்று விளக்கிவிட்டு "இதைக் காட்டும்படி ஒரு வடிவமைப்பு செய்யுங்கள்" என்பேன். அப்படிச் சொன்னால் சமநிலைக்கு ஒரு தராசுப் படமும் தாளத்துக்கு ஒரு மேளப் படமும் வந்துவிடும். இப்போது மாணவர்கள் ஏதோ ஒன்றில் மாட்டிக்கொண்டு முழிக்கும்போது மட்டும் அந்தச் சொல்லை எடுத்து வைக்கிறேன். மாட்டிக்கொண்டவருக்குச் சொல் உடனே ஒட்டிக்கொள்கிறது.

டோன் விஷயத்துக்கு வருகிறேன். வடிவமைப்பில் நான் அதிக நேரம் செலவழிப்பது இதில்தான், ஏனென்றால் அந்த ஒன்பது சுவரொட்டிகளின் நோய் இதுதான். கறுப்பிலிருந்து வெள்ளை வரை ஒன்பது படியாகச் சாம்பல் கலந்து பூசு என்பது வழக்கமான பயிற்சி. நானும் அதில்தான் ஆரம்பித்தேன். போஸ்டர் கலர் ஈரத்தில் ஒரு டோன் காட்டும், காய்ந்தால் வேறு டோன் காட்டும். வெளிர் கலவை காய்ந்ததும் கொஞ்சம் இருளும், அடர் கலவை கொஞ்சம் வெளுக்கும். அதனால் ஈரத்தில் சரியாக இருந்த ஒன்பது படி, காய்ந்ததும் ஏழு படியாகிவிடும். மாணவர்கள் நொந்துபோவார்கள். பெயின்ட்டைப் பழகுவது நல்ல பாடம்தான், ஆனால் டோனைப் பார்க்கப் பழகுவது வேறு பாடம். இரண்டையும் ஒரே நாளில் ஒருவர் தலையில் கட்டக் கூடாது என்று புரிய எனக்கு மூன்று வருடம் ஆனது.

இப்போது பெயின்ட்டே இல்லாமல் தொடங்குகிறேன். பழைய பத்திரிகைகளைக் கொட்டிவிடுவேன். இரண்டு சென்டிமீட்டர் சதுரங்களாகச் சாம்பல் துண்டுகளைத் தேடி வெட்டி, இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு அடுக்க வேண்டும். இது எளிது. அடுத்த வகுப்பில் ஒவ்வொரு சாம்பலுக்கும் பக்கத்தில் அதே அளவு இருட்டான ஒரு வண்ணத் துண்டை வைக்க வேண்டும். இங்கேதான் சண்டை தொடங்கும். மஞ்சளை எங்கே வைப்பது? எல்லாரும் நடுவில் வைப்பார்கள், "பளிச்னு இருக்கே, அடர்த்தியாதானே இருக்கணும்" என்று. பளிச்சென்று இருப்பதும் இருட்டாக இருப்பதும் வேறு வேறு. ஆல்பர்ட் மன்செல் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர் கறுப்புக்கு 0, வெள்ளைக்கு 10 என்று எண் கொடுத்து ஓர் அளவுகோல் வைத்தார். அதில் நல்ல பளிச் மஞ்சள் மேலே 8 பக்கம் போய் உட்காரும், பளிச் ஊதா அதைவிட வெகு கீழே. மஞ்சளை இருட்டாக்கப் பார்த்தால் அது மஞ்சளாகவே இருக்காது, பாசிப் பச்சைப் பக்கம் ஓடிவிடும்.

இதையெல்லாம் நான் சொல்லித் தீர்க்க வேண்டியதில்லை. கண்ணைச் சுருக்கிப் பாருங்கள் என்பேன். பாதி மூடிய கண்ணில் நிறம் மங்கி டோன் மட்டும் மிஞ்சும். டோன் ஒன்றாக இருந்தால் இரண்டு துண்டுகளுக்கு இடையிலுள்ள விளிம்பு கரைந்துவிடும். சந்தேகம் தீராதவர்கள் போனில் கறுப்பு வெள்ளைப் படம் எடுத்துப் பார்க்கலாம். போன் ஒவ்வொரு நிறத்தையும் தன் கணக்கில்தான் சாம்பலாக்கும், அதை வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் பெரிய தவறைப் பிடித்துக் கொடுக்கும். அந்த வகுப்பு முடிந்ததும் பழைய சிவப்பு, பச்சைச் சுவரொட்டி ஒன்றை மாட்டி வைப்பேன். ஒரு வார்த்தை பேச மாட்டேன். 30 பேரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார்கள்.

அதன் தொடர்ச்சியாக ஒரு முகம். பென்சில் கிடையாது. ஐந்தே சாம்பல், கையால் கிழித்த தாள்கள், தன் முகத்தின் புகைப்படம். ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் நண்பர்கள் அடையாளம் கண்டுபிடிக்க வேண்டும். கன்னத்துக்கும் பின்னணிக்கும் ஒரே சாம்பல் வந்துவிடுகிறதே, முகத்தின் ஓரம் காணாமல் போகிறதே என்று ஒரு மாணவி இரண்டு நாள் தவித்தாள். கோடு போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். கூடாது என்றேன். மூன்றாம் நாள் அந்த ஓரத்தை அப்படியே விட்டுவிட்டு, கண் குழியையும் மூக்கின் கீழ் நிழலையும் மட்டும் சரிசெய்து கொண்டுவந்தாள். தள்ளி நின்று பார்த்தால், இல்லாத கன்னத்து ஓரத்தைக் கண் தானே வரைந்துகொண்டது. வகுப்பே அவள் பெயரைக் கத்தியது. நான் பார்த்த முகங்களில் அதுவே முதலிடம் என்பேன், அவளுக்கு இது தெரியாது.

நிறத்துக்கு வரும்போது ஒரு கதையோடு தொடங்குவேன், கதை கேட்க யாருக்குத்தான் பிடிக்காது. பாரிஸில் கோப்லன் என்ற திரைச்சீலை ஆலை. 1824-இல் அங்கே சாயப் பிரிவுக்கு மிஷெல் யூஜின் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். நீலம், ஊதாவுக்குப் பக்கத்தில் நெய்யும்போது கறுப்பு நூலில் வலு இல்லை, சாயம் சரியில்லை என்று புகார். அவர் சோதித்துப் பார்த்தார். சாயத்தில் குறையே இல்லை. பக்கத்து நிறம் கறுப்பை மாற்றிக் காட்டியது. குறை பார்க்கிற கண்ணில் நடந்தது. அவர் அதை ஆராய்ந்து 1839-இல் புத்தகமாகவே வெளியிட்டார்.

கதை முடிந்ததும் வேலை. ஒரே நிறத் தாளில் இரண்டு சிறு துண்டுகளை வெட்டி, இரண்டு வெவ்வேறு பின்னணிகளில் வைத்து, அவை இரண்டு வெவ்வேறு நிறங்கள் என்று பார்ப்பவரை நம்ப வைக்க வேண்டும். ஆல்பர்ஸ் அமெரிக்காவில் பல வருடம் கொடுத்த பயிற்சி இது. சோதனை அதற்குள்ளேயே இருக்கிறது. வகுப்புக்கு வெளியே யாரையாவது கூப்பிட்டு "இது ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்க வேண்டும். "ஆமா" என்றால் வேலை முடியவில்லை. ஒருவன் 60 துண்டுகளுக்கு மேல் வெட்டிப் போட்டான். காவலரிடம் போய்க் கேட்டு, நூலகரிடம் கேட்டு, கடைசியில் என் சக ஆசிரியர் ஒருவரைப் பந்தயம் கட்டித் தோற்கடித்தான். அவன் என்னிடம் ஒரு தடவைகூட ஓகேவா என்று கேட்கவில்லை. என்னை ஏமாற்றிப் பார்க்கத்தான் வந்தான்.

இதற்குப் பெயின்ட் வேண்டாம், வண்ணத் தாளே போதும். பெயின்ட் கலக்க வரும்போது ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பிள்ளைகள் தங்களைத் தாங்களே திட்டிக்கொள்வார்கள். சிவப்பும் நீலமும் கலந்தால் ஊதா என்று பள்ளியில் படித்திருப்பார்கள். ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பையும் பச்சைப் பக்கம் சாய்ந்த நீலத்தையும் கலந்தால் சேற்று நிறம்தான் வரும். அந்தச் சிவப்புக்குள் மஞ்சள் ஒளிந்திருக்கிறது, அது ஊதாவைக் கெடுக்கிறது. அதனால் ஒவ்வொரு அடிப்படை நிறத்திலும் இரண்டு டப்பா, ஒன்று சூடான சாயல் (சிவப்பென்றால் ஆரஞ்சுப் பக்கம்), ஒன்று குளிர்ந்த சாயல் (ஊதாப் பக்கம்) என்று வாங்கச் சொல்கிறேன்.

வெற்றிடத்துக்கு எழுத்தை வைத்து ஒரு சின்ன வேலை. 'ழ' அல்லது 'ஐ' போன்ற ஓர் எழுத்தைப் பெரிதாக வரைந்து, அட்டையில் சதுர ஜன்னல் வெட்டி அதன் மேல் நகர்த்தி, எது எழுத்து எது பின்னணி என்று குழம்புகிற இடத்தில் நிறுத்த வேண்டும். தலைகீழாகத் திருப்பி மாட்டிச் சோதிக்கலாம். இதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றும் இல்லை, எப்போது கொடுத்தாலும் நன்றாக வரும்.

நன்றாக வராதவையும் பல உண்டு. மிக மோசமானது "உன்னைப் பற்றி" என்ற ப்ராஜெக்ட். சுதந்திரம் கொடுக்கிறேன் என்ற நினைப்பில், எந்த ஊடகத்திலும் உங்களை வெளிப்படுத்துங்கள் என்றேன். கண்ணீர் விடும் கண், சிறகு முளைத்த இதயம், பாதி முகம் பூ, பாதி முகம் மண்டையோடு. இணையத்தில் தேடினால் முதல் பக்கத்தில் வருகிற அத்தனையும் வந்தன. ஒரே பட்டாம்பூச்சி மூன்று பேரிடம். திட்டினேன். பிறகு யோசித்தால் தப்பு என் பக்கம். 17, 18 வயதுப் பிள்ளையிடம் போய் "உன்னைக் காட்டு" என்றால், ஏற்கெனவே அழகென்று ஊர் ஒப்புக்கொண்ட ஒன்றின் பின்னால் ஒளிந்துகொள்வதுதான் புத்திசாலித்தனம். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அந்த இடத்தில் இப்போது சாவியை வைத்திருக்கிறேன். உங்கள் பையில் உள்ள ஏதோ ஒரு பொருளை எடுங்கள், சாவியோ பேனா மூடியோ, 40 தடவை வரையுங்கள். ஒன்றைப் போல இன்னொன்று இருக்கக் கூடாது. முதல் பத்து எல்லாருக்கும் ஒரே மாதிரி வரும்: முன்பக்கம், பின்பக்கம், சாய்வாக, நிழலோடு. பதினைந்தில் சலிப்பு தட்டும், முகத்திலேயே தெரியும். இருபதுக்கு மேல் வேறு வழியில்லாமல் பொருளை நிஜமாகவே பார்க்கத் தொடங்குவார்கள். தாளைப் பார்க்காமல் வரைவார்கள், இடது கையால் வரைவார்கள், சாவியைச் சுற்றியுள்ள வெற்றிடத்தை மட்டும் வரைவார்கள், சாவியை மையில் தோய்த்து உருட்டுவார்கள். ஒருத்தி பூட்டின் உள்ளேயிருந்து சாவி எப்படித் தெரியும் என்று வரைந்தாள். இன்னொருத்தி அந்தச் சாவி திறந்த வீடு இப்போது அவர்களுடையது இல்லை என்று முப்பத்திநாலாவது படத்தின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருந்தாள். நான் கேட்டபோது வராத "உன்னைப் பற்றி" கேட்காதபோது வந்தது. இணையத்தில் தேடியும் பயனில்லை, அந்த 40 படம் அங்கே இல்லை.

ப்ராஜெக்ட் எழுதுகிறவர்களுக்குச் சில சங்கதிகள். எதைக் கொடுத்தாலும் முதலில் நீங்கள் ஒரு தடவை செய்து பாருங்கள், உங்களுக்கு ஆன நேரத்தை மூன்றால் பெருக்கிக் கொடுங்கள். செய்ததை வகுப்பில் காட்டாதீர்கள். ஒரு மாதிரி காட்டினால் 30 நகல் வரும். மூன்று மாதிரி காட்டினால் மூன்று வகை நகல் வரும், அவ்வளவுதான் வித்தியாசம். குறிப்பு பாதிப் பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. பொருள், அளவு, தடை, சோதனை இந்த நாலும் கறாராக இருக்கட்டும், எப்படிச் செய்வது என்பதைப் பற்றி ஒரு வரியும் வேண்டாம். தடை அதிகமானாலும் கெடும். ஒருமுறை புத்தகம் தாங்கும் வேலையில் "தாளில் ஒன்பது மடிப்புதான் இருக்கலாம்" என்று சேர்த்தேன். எல்லாரும் மடிப்பை எண்ணிக்கொண்டிருந்தார்கள், தாளை மறந்துவிட்டார்கள்.

கட்டரைப் பற்றி ஒரு வார்த்தை. என் இரண்டாம் வருடத்தில் ஒரு மாணவனின் விரலில் மூன்று தையல் விழுந்தது. மழுங்கிய பிளேடு, பிளாஸ்டிக் ஸ்கேல், அழுத்தி ஒரே இழுப்பு. பிளேடைக் கையில் கொடுத்தேனே தவிர, பிடிக்கச் சொல்லித் தரவில்லை. இப்போது முதல் வாரம் ஒரு முழு வகுப்பு வெட்டுவதற்கு மட்டும். புது முனை, ஸ்டீல் ஸ்கேல், கீழே மேட், லேசாக மூன்று நாலு இழுப்பு, ஸ்கேலைப் பிடிக்கும் கை பிளேடின் பாதைக்கு வெளியே. புது பிளேடுதான் பாதுகாப்பு என்பது பிள்ளைகளுக்கு முதலில் ஏறாது.

வேலைகளைச் சுவரில் மாட்டி வைத்துப் பேசும் நாள் இருக்கிறதே, அதில் நான் செய்த பாவம் கொஞ்சநஞ்சம் இல்லை. முன்பு நானே பேசுவேன். இரண்டு மணி நேரம், 30 வேலை, ஒவ்வொன்றுக்கும் தீர்ப்பு. முதல் ஐந்து பேருக்கு என் முழு அறிவும் கிடைக்கும், கடைசி ஐந்து பேருக்கு என் தலைவலி கிடைக்கும். ஒருத்தி அழுதுகொண்டே வெளியே போனபோது, அவள் வேலையைப் பற்றி நான் என்ன சொன்னேன் என்றே எனக்கு நினைவில்லை. இப்போது யார் வேலை எது என்று பெயர் இல்லாமல் மாட்டுகிறோம். ஐந்து நிமிடம் யாரும் பேசக் கூடாது, பார்க்க மட்டும். பிறகு கண்ணுக்குத் தெரிவதை மட்டும் சொல்ல வேண்டும்: "என் பார்வை முதல்ல இடது மேல் மூலைக்குப் போகுது", "இந்தச் சாம்பலும் அந்தச் சாம்பலும் ஒட்டிக்கிச்சு". "நல்லாயிருக்கு", "பிடிக்கலை" இரண்டுக்கும் தடை. செய்தவர் கடைசியில்தான் வாய் திறக்கலாம். ஒரு நாளைக்குப் பத்து வேலைக்கு மேல் எடுப்பதில்லை. முதல் சில வாரம் இழுவையாகத்தான் இருக்கும், ஆசிரியருக்கு வாய் பரபரக்கும். பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

மதிப்பெண் விவகாரத்தில் மட்டும் எனக்கு இன்னும் நிம்மதி இல்லை. சில வருடங்களுக்கு முன், புத்தகம் தாங்காத ஒரு தாளுக்கு 10-க்கு 3 போட்டேன். விதிப்படி சரி. மாலையில் அந்தப் பையன் 17 தாள்களைக் கொண்டுவந்து மேசையில் பரப்பினான். ஒவ்வொன்றிலும் எங்கே முறிந்தது என்று சிவப்புப் பேனாவால் குறித்து வைத்திருந்தான். முறிந்த இடம் தாளுக்குத் தாள் கீழே இறங்கிக்கொண்டே வந்திருந்தது. வகுப்பில் முதல் தடவையிலேயே புத்தகம் நின்றவர்கள் சிலர் இருந்தார்கள், ஏன் நின்றது என்று அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. இவனுக்கு ஏன் விழுந்தது என்று தெரியும். 3-ஐ அடித்து 8 போட்டேன். அதிலிருந்து தேறாத முயற்சிகளையும் தேதியோடு சேர்த்துக் கொடுக்கச் சொல்கிறேன், பாதி மதிப்பெண் அதற்கு. உடனே சிலர் முயற்சிகளையே ஜோடிக்கத் தொடங்கினார்கள், கசக்கி விரித்த தாள்களில் பழைய தேதி போட்டு. அதற்கு மருந்து இன்னும் கிடைக்கவில்லை.

அந்த 32 வண்ணச் சக்கரங்களும் பல வருடம் அலமாரியில் கிடந்தன. தூக்கிப் போட மனசு வரவில்லை, அவ்வளவு உழைப்பு. சென்ற வருடம் தாள் தீர்ந்துபோன ஒரு நாளில் எடுத்துக் கொடுத்தேன். சார்ட் தாள் கனமானது, ஆகவே புத்தகத்துக்குப் பதிலாக வகுப்பறை ஸ்டூலைத் தாங்க வேண்டும் என்றேன். முதல் மூன்று குழுக்களின் தாள்கள் நசுங்கின. நாலாவது குழுவில் ஒரு பெண் நசுங்கியதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, மடிப்பை விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "அந்தப் பக்கமா மடிக்கணும்டி, வா" என்று தோழியைக் கூப்பிட்டுக்கொண்டு இன்னொரு சக்கரத்தைப் பிரிக்கப் போனாள்.